ஒரே கோப்பு, இருபது முறை: தோட்ட அலுவலக இணையம் ஏன் படுத்துக்கொள்கிறது?

பெம்பான் – சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். இபிஎஃப், சொக்சோ சந்தாவை 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்த நாட்களில் இணையம் படுத்துக்கொண்டால் கிராணியின் பாடு திண்டாட்டம்தான். பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்தில், செம்பனைக்கு நடுவே சிம்கார்டு மோடத்தை நம்பியிருக்கும் அலுவலகத்தில் பழி முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல்தான் விழும். சில வேளைகளில் காரணம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது: ஆண்டிவைரஸ்.

நாள்தோறும் புதிய நச்சுநிரல்கள் வருவதால், அவற்றின் அடையாளப் பட்டியலை ஆண்டிவைரஸ் அடிக்கடி பதிவிறக்கம் செய்கிறது. வழக்கமாக, மாறிய பகுதி மட்டுமே வரும், அது சிறியது. கணினி நெடுநாள் அணைந்து கிடந்தால் முழுத் தொகுப்பும் தேவைப்படலாம். அதை 100 மெகாபைட் என்றே வைத்துக்கொள்வோம். விடுமுறை முடிந்து தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் 20 கணினிகளை ஒரே காலையில் திறந்தால் 2,000 மெகாபைட், அதாவது ஏறக்குறைய 2 ஜிகாபைட், போய்விடும். மாணவர்கள் இன்னும் ஒரு பக்கம்கூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

இது சிறு அலுவலகங்களின் தலைவலி மட்டுமல்ல. சிஸ்கோ நிறுவனம் பராமரிக்கும் இலவச ஆண்டிவைரஸ் கிளாம்ஏவி. மாறிய பகுதியை மட்டும் எடுக்காமல் முழுக் கோப்பையும் திரும்பத் திரும்ப இறக்கிய பயனர்களால் அதன் விநியோகம் திணறியது. 2021இல் அத்தகைய பதிவிறக்கங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. பல கணினிகள் உள்ள இடங்களில் ஒன்று மட்டும் வெளியிலிருந்து இறக்கி, மற்றவற்றுக்குப் பகிர வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் வழி.

நமக்கும் அதுவே வழி. காஸ்பர்ஸ்கி, இசெட், டிரெண்ட் மைக்ரோ ஆகியவற்றின் அலுவலகப் பதிப்புகளில் இந்த வசதி உண்டு. கட்டணம் கட்டிவிட்டு அதைத் திறக்காமலே வைத்திருந்தால் விற்றவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைப் பயன்படுத்துவோர் ‘விண்டோஸ் அப்டேட்’ அமைப்பில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பகுதியைத் திறக்க வேண்டும். அதில் உள்ளூர் வலையமைப்பில் இருக்கும் கணினிகளோடு மட்டும் பகிரும் தேர்வை எல்லாக் கணினிகளிலும் போட வேண்டும். இணையத்தையும் சேர்த்த தேர்வைப் போட்டால், முன்பின் தெரியாதவர்களுக்கும் உங்கள் டேட்டா செலவாகும். பெரிய கோப்புகளுக்குத்தான் இது உதவும். ஆனால் மாதாந்திர விண்டோஸ் புதுப்பிப்பும் இதே வழியில் பகிரப்படுவதால் மிச்சம் கணிசமானது. பதிவிறக்க வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கவும் அங்கேயே இடம் இருக்கிறது.

டேட்டாவை மிச்சப்படுத்த வைஃபையை ‘மீட்டர்ட்’ இணைப்பு என்று மாற்றிவிடுவோரும் உண்டு. அது ஆபத்து. டிஃபெண்டரின் பட்டியலும் வராமல் நின்றுபோகலாம். திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வானாக்கிரை புகுந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் திருத்தம், இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. ஒரு கணினியில் நுழைந்து அதே வலையமைப்பில் உள்ள மற்றவற்றுக்கும் அது தாவியது. தோட்டத்தில் அப்படி நடந்தால் பூட்டப்படுவது செக்ரோல். அதாவது, தொழிலாளரின் சம்பளக் கணக்கு.

விடுமுறை முடியும் முந்தைய மாலையே ஒரு கணினியைத் திறந்து எல்லாவற்றையும் இறக்க விடுங்கள். மறுநாள் அதை அணைக்காமல், மற்றவற்றை இரண்டிரண்டாகத் திறக்கலாம்.