மனத்தை ஆளும் பயிற்சி: யார் யாருக்குப் பயன்படும்?

கடையில் தராசும் பேரேடும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கல்லாவில் இருப்பவரின் மனமும் நிதானமாக இருக்க வேண்டும். பாக்கி கேட்ட இடத்தில் வார்த்தை தடித்து, பல வருட வாடிக்கை ஒரே நாளில் முறிவதை நாம் பார்த்து வருகிறோம். இதற்கு உதவும் ஒரு பயிற்சியை வணிக அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி', சுருக்கமாக டி.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை மார்ஷா லினஹன் உருவாக்கியது. 1993-ல் இதன் கையேடு வெளிவந்தது. தாமும் இளமையில் மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உள்ளதை உள்ளபடி ஏற்பது, அதே சமயம் மாற்றவும் முயல்வது. இரண்டும் சேர்ந்ததே இதன் அடிப்படை. நஷ்டத்தை ஒப்புக்கொண்டு கணக்கில் எழுதினால்தானே அடுத்த கொள்முதலைத் திருத்த முடியும்!

கற்றுத்தரும் திறன்கள் நான்கு:

1. இந்த நிமிடத்தில் மனத்தை நிறுத்துதல்.
2. நெருக்கடியில் நிலைமையை மேலும் கெடுத்துக்கொள்ளாமல் தாங்குதல்.
3. கோபம், பயம் போன்றவற்றை இனம்கண்டு கட்டுக்குள் வைத்தல்.
4. உறவும் சுயமரியாதையும் கெடாமல், வேண்டியதைக் கேட்கவும் முடியாததை மறுக்கவும் பழகுதல்.

வாரம் ஒருமுறை பள்ளி வகுப்பு போலவே நடக்கும். வீட்டுப்பாடமும் உண்டு. ஒரு சுற்று முடியச் சுமார் 24 வாரங்கள் ஆகும்.

யாருக்குப் பயன்படும்? முதலில் இது தற்கொலை எண்ணம் விடாமல் வருபவர்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள் ஆகியோருக்காகவே ஏற்பட்டது. பிறகு போதைப் பழக்கம் உள்ளவர்கள், கட்டுப்பாடின்றி உண்ணும் நோய் உள்ளவர்கள், மனம் அலைபாயும் இளவயதினர் ஆகியோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இளவயதினர் வகுப்பில் பெற்றோரும் உடன் அமர்ந்து கற்பது வழக்கம். நோய் என்று எதுவும் இல்லாமல், சட்டென்று கோபப்பட்டுப் பின்னால் வருந்துகிறவர்களும் இத்திறன்களைப் பழகலாம். பாக்கி கேட்கக் கூசுபவருக்கும், கேட்டாலே சண்டையில் முடிப்பவருக்கும் நான்காவது திறன் ஒன்றே பெரிய முதல்.

ஒன்றை மறக்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் உள்ளவருக்கு வகுப்பு மட்டும் போதாது. மனநல மருத்துவரின் கவனிப்பும் அவசியம். கடன் தொல்லையில் யாரிடமும் பேசாமல் ஒதுங்கும் வியாபாரி உங்கள் கடைவீதியிலும் இருக்கலாம். அவரிடம் இன்றே பேசுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். போன சரக்கை மறுபடி வாங்கலாம். போன உயிரை வாங்க முடியாது.