தனித்தட்டு ஐ ஷேடோவும் காந்தப் பெட்டியும்

கண்ணிமையின்மேல் பூசிக்கொள்ளும் ஐ ஷேடோ என்னும் வர்ணப்பொடி, பன்னிரண்டோ பதினெட்டோ நிறங்கள் வரிசையாக அமைந்த பெட்டியாகவே பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது. அதை வாங்குகிறவர் தமக்குப் பிரியமான நான்கைந்து நிறங்களை அடித்தகடு தெரியும்வரை தேய்த்துவிட்டு, கம்பெனிக்காரருடைய ரசனைக்காகச் சேர்ந்துகொண்ட பச்சையையும் ஊதாவையும் தொடாமலே வைத்திருந்து, கடைசியில் பெட்டியோடு எறிந்துவிடுகிறார். இந்த விரயத்துக்கு இடமின்றி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிச் சிறு தட்டாக வாங்கி, காந்தம் பதித்த வெறும் பெட்டியொன்றில் தம் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளும் முறை, தொழில்முறை ஒப்பனைக் கலைஞரிடையே வழங்கிவந்து, இப்போது சாமானிய ஸ்திரீகளின் அலங்கார மேஜைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. போலந்து தேசத்தில் வோய்ச்செக் இங்லாட் என்னும் ரசாயன நிபுணர் 1983-இல் தொடங்கிய கம்பெனி, ‘ஃப்ரீடம் சிஸ்டம்’ என்ற பெயரில் இதையே தன் வியாபாரத்தின் முக்கிய அங்கமாக்கிக்கொண்டது.

இங்லாட்டின் தட்டுகளில் பல சதுரமானவை. ஆயினும் பிற கம்பெனிகளின் தட்டுகள் பெரும்பாலும் வட்டமாக, 26 மில்லிமீட்டர் குறுக்களவில், அதாவது நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கின்றன. கனடாவில் தோன்றிய மாக் கம்பெனியின் தட்டும், கலிபோர்னியாவின் மலிவுச் சரக்கான கலர்பாப்பின் தட்டும் இந்த அளவில் ஒத்துப்போவதால், விலை உயர்ந்ததும் குறைந்ததும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கத் தடையில்லை. குழிகள் வெட்டாத, அடித்தளம் முழுதும் காந்தமாக உள்ள பெட்டியாயிருந்தால் வடிவத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

அந்தக் காந்தம், ஃபெரைட் என்னும் இரும்பு ஆக்ஸைடுக் கலவையின் பொடியை ரப்பரோடு பிசைந்து மெல்லிய தகடாக இழைத்தது; ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைகளின் முதுகில் இருப்பதும் அதே சரக்குதான். வடதுருவமும் தென்துருவமும் குறுகிய கோடுகளாக மாறி மாறி அமையும்படி காந்தமேற்றியிருப்பதால், அதன் இழுப்பு பரப்பை ஒட்டிய இடத்தில் பலமாகவும், சற்று விலகினாலே மிகவும் க்ஷீணித்தும் இருக்கிறது. ஆகவே பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டி விற்கப்படும் தட்டைச் சூடுகாட்டிப் பெயர்த்தெடுக்கிறவர்கள், அடியில் தங்கிய பசையை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். பசை தடித்திருக்குமானால் தட்டு பெட்டிக்குள் உருளத் தொடங்கிவிடும். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் ஆன தட்டுக்கே இந்த ஒட்டுதல் வாய்க்கும் என்பதையும், அலுமினியத் தட்டாயிருந்தால் மெல்லிய இரும்பு வில்லையொன்றை அடியில் ஒட்டியாக வேண்டும் என்பதையும் விற்பனைக்காரர்கள் ஏனோ முன்கூட்டிச் சொல்வதில்லை.

தட்டில் அழுத்தியிருக்கும் பொடியின் ஆதாரப் பொருள்கள் மாக்கல் பொடியும் அப்பிரகமும் வெண்களிமண்ணும்; பிடிமானத்துக்குத் துத்தநாக ஸ்டியரேட்டும் சிறிது சிலிக்கோன் எண்ணெயும் சேர்கின்றன. மங்கிய செம்மையும் மஞ்சளும் கறுப்பும் இரும்பின் ஆக்ஸைடுகளே. அச்செம்மை, காவிக்கல்லில் இருப்பதைத் தவிர வேறொன்றுமில்லை. மினுமினுக்கும் நிறங்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அப்பிரகச் செதில்களின்மேல் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் வெண்பொருளை, ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க மென்மையில் படியவைக்கிறார்கள். மழையில் நனைந்த தார்ரோட்டில் சிந்திய எண்ணெய் எவ்வாறு வர்ணஜாலம் காட்டுகிறதோ அவ்வாறே, இப்படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் தம்முள் கலந்து, படலம் தடிக்கத் தடிக்க வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்ற கிரமத்தில் நிறம் காட்டுகின்றன. சாயம் ஒரு துளியும் இல்லை. இந்த அப்பிரகத்தில் ஒரு பகுதி ஜார்க்கண்டின் சுரங்கங்களிலிருந்து, குழந்தைகள் குனிந்து பொறுக்கும் இடங்களிலிருந்து வருகிறது என்பது பலமுறை வெளியான செய்தி.

இவ்வாறு மூலப்பொருள்கள் யாவர்க்கும் பொதுவானவையாதலால், மலிவானது மட்டமானது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மினுக்கும் நிறங்களை மலிவில் வாங்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். ஒளியை வாரியிறைக்கும் செதில்கள் பிற குறைகளை மறைத்துவிடுகின்றன. மினுக்கில்லாத மேட் நிறங்களிலோ, அரைத்த பதமும் பிடிமானமும் சற்றுத் தவறினாலும் பூச்சு திட்டுத்திட்டாக நின்றுவிடும். கடையில் சோதிக்கிறவர் விரல்நுனியால் ஒருமுறை மட்டும் தொட்டு, முன்கையின் உட்புறத்தில் ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தால், கோடு முழுதும் ஒரே சீராக இருக்கிறதா, பொடி உதிர்கிறதா என்பது புலப்படும். பலர் தொட்ட மாதிரித் தட்டைக் கண்ணருகே கொண்டுபோவது நோயை விலைக்கு வாங்குவதாகும். பளீரென்ற இளஞ்சிவப்பு நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றுக்கு வேண்டிய கரிமச் சாயங்கள் சிலவற்றைக் கண்ணருகே உபயோகிக்க அமெரிக்கச் சட்டம் இசையவில்லை, எனவே அங்குள்ள கம்பெனிகள் அவற்றை ஐ ஷேடோ என்னாமல் ‘பிரஸ்டு பிக்மென்ட்’ என்று பெயரிட்டு, கண்ணுக்கல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டு, ஐ ஷேடோக்களின் நடுவிலேயே வைத்து விற்கின்றன. சட்டத்துக்கு இது போதும். வாங்குகிறவர்தாம் பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

கைதவறி விழுந்து நொறுங்கிய தட்டையும் எறிய வேண்டுவதில்லை. பொடியை நன்றாக நுணுக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மேலே மெல்லிய துணியை விரித்துப் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தால் அழுத்தினால் பொடி மீண்டும் இறுகும்; அதன் குறுக்களவு 23 மில்லிமீட்டரே ஆதலால் தட்டுக்குள் அடங்கும், பத்து ரூபாய் நாணயம் அடங்காது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவதால் அடுப்பருகே இதைச் செய்யலாகாது. ஒரு நாள் திறந்துவைத்து உலர்த்தியபின், தட்டின் அடியில் நிறத்தின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதிப் பெட்டியில் வைத்துவிடலாம்.