அந்தமான் டூர் போறீங்களா? கடைசி நாளில் கோட்டை விடாதீங்க!

குடும்பத்தோடு அந்தமான் போய் நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. பிளான் சரியில்லை என்றால் அங்கேயும் ஓட்டம்தான்.

சென்னையில் இருந்து விமானத்தில் 2 மணி நேரத்துக்கு சற்று மேல் ஆகும். கப்பலில் கட்டணம் குறைவு. ஆனால் போகவே சுமார் 3 நாள். தினமும் கப்பல் கிடையாது. தேதி பார்த்துத்தான் லீவு போடணும்.

இறங்குவது போர்ட் பிளேரில். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் தீவும் 2018-லேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

தீவு விட்டு தீவு போக படகுதான். சிக்கலே இங்கேதான். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகு ஏறி, மதியம் விமானம் பிடிக்கலாம் என்று கணக்கு போட்டால், படகு ஓடாத அன்று விமான டிக்கெட் பணம் அம்பேல்! கடைசி ராத்திரி ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதால் கூடுதலாக ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்ம நேரம்தான். அதனால் டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ராதாநகர் கடற்கரைக்கு 3 மணிக்கே போய்விடணும்.

சாப்பாட்டுக்கு கவலையில்லை. தமிழர்கள் நிறைய பேர் இருப்பதால் ஊரில் இட்லி, தோசை கிடைக்கும். கரையில் கிடக்கிற பவளப்பாறைத் துண்டை மட்டும் ஆசைப்பட்டு பையில் போடாதீங்க. வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.