மின்சாரம் வெளியிடும் இரகசியம்

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மவர்க்கு, வீட்டுக்குப் பணம் அனுப்புதல் மாதந்தோறும் வரும் கடமை. முன்னாளில் இதற்குத் துணை நின்றது மணியார்டர். இன்று துணை நிற்பவை வங்கி அட்டையும் கைபேசியும். அட்டையின் முகப்பில் பொன்னிறச் சதுரம் ஒன்று காணப்படுகிறதன்றோ? அதன் அடியில் இருப்பதே சில்லு எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்று. காந்தப்பட்டை மட்டுமே உடைய அட்டைகளை மாற்றி, 2018 டிசம்பர் 31-க்குள் சில்லு பொருந்திய அட்டைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. காந்தப்பட்டையிலுள்ள செய்தியை எளிதில் படியெடுத்து விடலாம். சில்லோ தனக்குள் ஒரு சாவி எண்ணை வைத்துக்கொண்டு, அதனை வெளியே காட்டாமல், அதைக் கொண்டு கணக்கிட்ட விடையை மட்டுமே வங்கிக்கு அனுப்புகிறது. நாம் பொத்தானில் அழுத்தும் நான்கு இலக்க எண் வேறு. இச்சாவி எண் வேறு. இதனை அட்டைக்கு உரியவரும் அறியார்.

இத்துணைப் பாதுகாப்பாக உள்ளே வைத்த எண், மின்சாரத்தின் வழியாக வெளியே கசியக்கூடும் என்பதுதான் வியப்பு.

ஒரு வீட்டின் கதவு பூட்டப்பட்டிருக்கிறது. மின்சார மீட்டர் மட்டும் வெளிச்சுவரில் இருக்கிறது. அதனைக் கூர்ந்து நோக்குபவன், மாவரைக்கும் யந்திரம் ஓடுகிறதா, விளக்கு மட்டும் எரிகிறதா என்பதைக் கதவைத் திறவாமலே ஊகித்து விடுவான். சில்லின் நிலையும் இதுவே. அதனுள் இருக்கும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள், சுழியம் ஒன்றாகவும் ஒன்று சுழியமாகவும் மாறுந்தோறும் சிறிதளவு மின்சாரத்தை ஈர்க்கின்றன. எத்தனை மாற்றங்களோ, அதற்கேற்ற மின்செலவு. அச்செலவை ஆசிலாஸ்கோப்பு என்னும் கருவி வரைபடமாகக் காட்டிவிடும்.

சில கணக்குகளில் ஒரே வரைபடம் போதும். ஆர்.எஸ்.ஏ. என்னும் முறையில், சாவியின் ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு வர்க்கம் காணவேண்டும். இலக்கம் ஒன்றாயின் கூடுதலாக ஒரு பெருக்கலும் செய்யவேண்டும். இதனை அப்படியே செய்யும் சில்லின் வரைபடத்தில், பெருக்கல் எங்கெங்கே வந்தது என்று பார்த்தே சாவியைப் படித்து விடலாம்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடும் கணிதத்துக்குப் புலப்படும். இதனை 1999-இல் பால் கோச்சர், ஜோஷுவா ஜாஃபி, பெஞ்சமின் ஜன் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினர். ஏ.ஈ.எஸ். முறையின் சாவி 128 இலக்கங்கள் கொண்டது. அதனை ஊகத்தால் காணப் புகுந்தால், 39 இலக்கமுள்ள ஒரு பேரெண் அளவுக்கு முயற்சிகள் வேண்டும். எந்த யந்திரத்தாலும் ஆகாது. ஆனால், சில்லு அச்சாவியை 16 துண்டுகளாகக் கையாளுகிறது. ஒரு துண்டுக்கு 256 ஊகங்களே உண்டு. ஓர் ஊகத்தை எடுத்துக்கொண்டு, அதன்படி ஒன்று வரவேண்டிய வரைபடங்களை ஒரு குவியலாகவும், சுழியம் வரவேண்டியவற்றை மற்றொரு குவியலாகவும் பிரித்துச் சராசரி காண்பர். ஊகம் தவறாயின் இரு சராசரிகளும் ஏறத்தாழ ஒன்றாகும். சரியாயின் வேறுபாடு தலைதூக்கும். பதினாறு துண்டுகளுக்கும் சேர்த்து 4096 ஊகங்களே! எட்டாத மலை, ஏறக்கூடிய படிக்கட்டாகி விடுகிறது.

இஃது ஆய்வுக்கூடத்து விளையாட்டன்று. 2008-இல் ஜெர்மனியின் போஃகும் பல்கலைக்கழகத்தார், கார்க் கதவுகளைத் தொலைவிலிருந்து திறக்கும் கீலாக் என்னும் முறையை இவ்வாறே ஆராய்ந்து, தயாரிப்பாளரின் தலைமைச் சாவியையே கண்டனர். அதன்பின், ஒரு திறப்பான் அனுப்பும் இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே அதற்கு நகல் செய்யலாம் என்றாயிற்று. பலவற்றுக்கும் பொதுவான சாவி ஒன்றிலிருந்து வெளிப்பட்டால், எல்லாம் திறந்தனவே ஆகும்.

இனி, காப்பு முறைகளைக் காண்போம். அவை பெரும்பாலும் இருவகைப்படும்.

முதலாவது, மின்செலவை மறைத்தல். வேண்டாத மின்னோட்டத்தைக் கலந்து குழப்பலாம். வேலைகளின் வரிசையை அவ்வப்போது மாற்றலாம். இடையிடையே வெற்றுக் கணக்குகளைச் செருகலாம். ஆயினும் குழப்பத்தை இரு மடங்காக்கினால், பகைவனுக்குத் தேவையான வரைபடங்கள் நான்கு மடங்காகும், அவ்வளவே. பொறுமையுள்ளவன் காத்திருப்பான். ஒவ்வோர் இலக்கத்திற்கும் இரண்டு கம்பிகள் வைத்து, எது வந்தாலும் ஒன்று மட்டும் மாறுமாறு அமைத்துச் செலவைச் சமன் செய்வது மற்றொரு வழி. அதற்குச் சில்லின் பரப்பும் மின்செலவும் பெருகும். 2000-இல் அடி ஷாமிர் என்னும் கணித அறிஞர், இரண்டு மின்தேக்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்றார். ஒன்று வெளியிலிருந்து மின்சாரம் பெறும்போது மற்றொன்று சில்லுக்கு ஊட்டும். வெளியிலிருந்து நோக்குபவன் சில்லின் செலவை நேரே காண இயலாது.

இரண்டாவது, எண்ணுக்கே முகமூடி அணிவித்தல். 47 என்பது இரகசியம் எனக் கொள்வோம். சில்லு அதனை முழுமையாகத் தொடுவதேயில்லை. ஒருமுறை 18 என்றும் 29 என்றும் பிரித்துக் கொள்ளும். மறுமுறை 60 என்றும் 87 என்றும் பிரித்து, கூட்டுத்தொகையில் நூறைத் தள்ளிவிடும். ஒரு பகுதியை மட்டும் கண்டவனுக்கு ஒன்றும் விளங்காது. இம்முறையின் உறுதியைச் சுரேஷ் சாரி, சரண்ஜித் ஜுட்லா, ஜோஸ்யுல ராவ், பங்கஜ் ரோஹத்கி ஆகியோர் 1999-இலேயே கணிதத்தால் ஆராய்ந்தனர். பகுதிகள் மிகுந்தோறும் பகைவனின் உழைப்பு மடங்கு மடங்காகப் பெருகும். ஆனால் போதிய குழப்பமும் உடன் இருத்தல் வேண்டும். ஆகவே இவ்விரு காப்புகளும் ஒன்றற்கொன்று துணையாவன.

முகமூடியும் நழுவுவதுண்டு. கம்பிகளில் சைகைகள் சற்று முன்பின்னாக வந்து சேர்கையில் தோன்றும் கணநேரத் துடிப்புகள், பிரித்த பகுதிகளைக் கூட்டிக் காட்டிவிடுகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. அதற்கும் மாற்றாக, எந்த ஒரு கணக்குப் பிரிவும் எல்லாப் பகுதிகளையும் ஒருசேரப் பெறாத அமைப்பு ஒன்றை 2006-இல் நிகோவா, ரெக்பெர்கர், ரைமென் ஆகியோர் வகுத்தனர்.

எனவே, தயாரிப்பாளர் உறுதி கூறிவிட்டால் போதாது. நடுநிலைச் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. சில்லுகளைப் பகைவனின் முறையிலேயே தாக்கிப் பார்த்துச் சான்று தரும் ஏற்பாடு உலகளவில் உண்டு. அரசும் வங்கிகளும் ஒரே வேளையில் பல இலட்சம் அட்டைகளை வாங்குகையில், விலையோடு இச்சான்றையும் கேட்டுப் பெறுதல் நலம்.

நாம் செய்யத்தக்கது எளிது. இத்தாக்குதலுக்கு அட்டை பகைவனின் கருவியில் செருகப்பட்டிருக்க வேண்டும். ஆதலின் அட்டையைப் பிறர் கையில் நெடுநேரம் விட்டுவைத்தலாகாது. தொலைந்தால் அன்றே வங்கிக்கு அறிவித்து முடக்கிவிடல் வேண்டும். சில்லின் உள்ளே காப்பை அமைப்பது பொறியியலாரின் கடன். சில்லைக் கைவிடாது காப்பது நம் கடன்.