ஒரு நோட்டீஸ், 45 நாள், உங்க வேலை



ஆட்களை வேலைக்கு எடுக்கிற சாஃப்ட்வேர் பத்தி இந்த எபிசோடில் பேசினோம். நேரம் போதாமல் விட்ட ஒரு கேள்வி: அந்த சாஃப்ட்வேருக்கு விதி எழுதுறது யாரு?

சட்டசபை சட்டத்தைப் போடும். அதன் நுணுக்கமான விதிகளை எழுதுறது பெரும்பாலும் மாநில ஏஜென்சிகள்தான். ஐடி காண்ட்ராக்டரான எனக்கு இந்த நோட்டீஸ்களைப் படிக்கிறதும் வேலையில் ஒரு பகுதி.

கலிஃபோர்னியாவில் வழக்கமான நடைமுறை இது. ஏஜென்சி வரைவை நோட்டீஸாக வெளியிடும். குறைந்தது 45 நாளுக்கு யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். வக்கீலா இருக்கணும்னு அவசியமில்லை. வரைவைக் கணிசமாக மாற்றினால், இன்னும் 15 நாளாவது தரணும். விதி சம்பந்தமா வந்த கருத்துகளை ஏற்கலைன்னா, ஏன்னு எழுத்தில் பதில் சொல்லியே ஆகணும்.

ஒரு உதாரணம். கலிஃபோர்னியா பிரைவசி புரொடெக்‌ஷன் ஏஜென்சி 2024 நவம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. மனுஷன் முடிவெடுக்கக் கணிசமாக உதவுற சாஃப்ட்வேரும் அதன் வரம்புக்குள் வந்தது. வரம்பைக் குறைக்கச் சொல்லி தொழில் அமைப்புகள் எழுதினாங்க. குறைக்கக் கூடாதுன்னு தொழிலாளர், பிரைவசி அமைப்புகள் எழுதினாங்க. 2025 செப்டம்பரில் ஒப்புதலான இறுதி விதியில், மனுஷனுக்குப் பதிலா முடிவெடுக்கிற, அல்லது கிட்டத்தட்ட அப்படிச் செய்யுற சாஃப்ட்வேர் மட்டுமே மிஞ்சியது.

வித்தியாசம் புரியுதா? சாஃப்ட்வேர் உங்க விண்ணப்பத்துக்கு ஒரு ஸ்கோர் போடுது. அதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு தெரிஞ்ச, முடிவை மாற்ற அதிகாரமுள்ள ஒருத்தர் மற்ற தகவலையும் பார்த்து முடிவெடுத்தால், இந்த விதி பொருந்தாது. யாரும் பார்க்காமல் ஸ்கோரே முடிவானால் பொருந்தும். அப்போ, விதியின் கீழ் வர்ற கம்பெனி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும், கேட்டால் விளக்கணும். ஏற்கெனவே பயன்படுத்துற கம்பெனிகளுக்குக் கெடு 2027 ஜனவரி 1. ஒரு டெஃபினிஷன் மாறினதில் எத்தனை பேர் வெளியே போயிட்டாங்க பாருங்க!

நீங்க எந்த நாட்டில் இருந்தாலும், அரசு வரைவு விதி கண்ணில் பட்டால் மூணு இடத்தை முதலில் பாருங்க:

1. டெஃபினிஷன்கள். விதி யாரைத் தொடும்னு அங்கேதான் தெரியும்.
2. கருத்து அனுப்பக் கடைசித் தேதி.
3. விதி ஏன் தேவைன்னு அரசு சொல்ற காரணம்.

எழுதும்போது "எனக்குப் பிடிக்கலை"ன்னு நிறுத்தாதீங்க. எந்தப் பிரிவு, எந்த வார்த்தை, அதனால் யாருக்கு என்ன ஆகும், பதிலா என்ன வார்த்தை வேணும்னு சொல்லுங்க. கோட் ரிவ்யூ மாதிரிதான். கம்பெனிகள் அப்படித்தான் எழுதுறாங்க, நாமும் எழுதலாம்.

உங்க ஊர் நோட்டீஸ் எதாவது புரியலைன்னா, இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. அடுத்த எபிசோடில் சேர்ந்து படிப்போம்.