முகப்பில்லாத படகு

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி அன்று பூசணிக்காய் விளக்கு ஏற்றுவார்கள். சாம்பல் பூசணியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போடுவது வழக்கம். வீட்டில் ஒரு பூசணிப் பாதியை அப்படிக் குடைந்து தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பாருங்கள். மிதக்கும். ஓரத்தை விரலால் தட்டினால் முன்னே போகாது. நின்ற இடத்திலேயே சுற்றும். நேராகத் தள்ளப் பார்த்தால் பக்கவாட்டில் நழுவி ஓடும். பரிசலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தத் தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு ஒகேனக்கல் போக வேண்டும். தருமபுரி, பென்னாகரம் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பைரவரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஒகேனக்கல் போய், எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மீன் சாப்பாடு என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பும் வேன்கள் நிறைய. அந்தப் பட்டியலில் பரிசலும் ஒன்று. பலருக்கு அது செல்ஃபி எடுக்க வாய்ப்பான ஒரு கூடை, அவ்வளவுதான். கூடைதான், ஆனால் அந்த ஆற்றுக்கு அதைவிடப் பொருத்தமான படகை இன்னும் யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி.

ஒகேனக்கல்லில் காவிரி பரந்து வந்து, பாறைகளுக்கிடையே பிளவுபட்டு, பல கிளைகளாக விழுகிறது. விழுந்த நீர் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே இடுக்கில் ஓடுகிறது. அருவிகளைச் சுற்றியுள்ள பாறைகளில் கார்பனடைட் என்ற அபூர்வ வகை உண்டு. கார்பனேட் நிறைந்த பாறைக்குழம்பு பூமிக்கடியில் இறுகிப் பிறந்தது. வயது சுமார் 240 கோடி ஆண்டு. ஆற்றில் ஓரிடத்தில் முழங்கால் ஆழம், பத்தடி தள்ளினால் ஆள் முழுகும் பள்ளம், நடுவே நீருக்குள் பதுங்கிய பாறைகள். நீண்ட படகு இங்கே என்ன ஆகும்? சுழல் அதைக் குறுக்காகத் திருப்பிவிட்டால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கும். பின்னால் வரும் வெள்ளம் அதன் விலாவில் மோதிக் கவிழ்க்கும். வட்டத்துக்குக் குறுக்கு என்பதே கிடையாது. பாறையில் இடித்தால் உருண்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒகேனக்கல் பரிசலின் விட்டம் ஏழு, ஏழரை அடி. எட்டுப் பேர் வரை தாங்கும். பாதுகாப்புக்காக இப்போது குறைவாகவே ஏற்றுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஏழரை அடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் நான்கு சதுர மீட்டர். எட்டுப் பேரும் பரிசலும் சேர்ந்து 550 கிலோ என்று வைத்துக்கொண்டால், தட்டையான அடிப்பாகம் நீருக்குள் இறங்குவது பதின்மூன்று பதினான்கு சென்டிமீட்டர்தான். ஓரம் வளைந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்போதும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். எட்டுப் பேரைச் சுமந்துகொண்டு ஒரு சாண் தண்ணீரில் போகும் வண்டி வேறு என்ன இருக்கிறது? ஒரே சுற்றளவுக்கு மிக அதிகப் பரப்பை அடைத்துக்கொள்ளும் வடிவம் வட்டம், மூங்கிலும் மிச்சம்.

செய்முறை ஒரு நாள் வேலை. மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக்கி, தரையில் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, பாய் முடைவதுபோல் அடிப்பாகத்தை முடைவார்கள். பிறகு நுனிகளை மேலே வளைத்து, விளிம்பைச் சுற்றிப் பிளாச்சுகளைக் கட்டுகட்டாக வைத்து இறுக்குவார்கள். அந்த விளிம்புதான் பரிசலின் முதுகெலும்பு. அது தளர்ந்தால் வட்டம் முட்டையாகிவிடும். முன்பெல்லாம் வெளிப்புறம் மாட்டுத்தோல். இப்போது பிளாஸ்டிக் சாக்கை விரித்துத் தைத்து, மேலே தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். சாலை போடும் அதே தார். ஆணி இல்லை, பலகை இல்லை. எங்காவது கிழிந்தால் ஒரு துண்டுச் சாக்கும் கொஞ்சம் தாரும் போதும். ஃபைபரில் வார்த்த பரிசல்களும் வந்துவிட்டன. உழைக்கும்தான்; ஆனால் பாறையில் மோதினால் மூங்கில் வளைந்து கொடுக்கும், ஃபைபர் விரிசல் விடும்.

தார் அற்ப விஷயமில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆப்பெழுத்து படிக்கும் அறிஞர் இர்விங் ஃபின்கெல், சுமார் கி.மு. 1750ஐச் சேர்ந்த ஒரு பாபிலோனியக் களிமண் பலகையைப் படித்து 2014ல் நூலாக வெளியிட்டார். ஊழி வெள்ளத்துக்காகக் கட்டச் சொன்ன கப்பல் வட்டமானது, கயிற்றால் பின்னியது, நிலக்கீல் பூசியது என்று அந்தப் பலகை சொல்கிறது. ஒரு பெரும் பரிசல்! தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்காக அதன் சிறிய அளவு மாதிரியைக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிய இடம் நம் பக்கத்துக் கேரளம். மிதந்தது, ஆனால் ஒழுகியது. கிடைத்த நிலக்கீலின் தரம் போதவில்லையாம். ஒகேனக்கல்லில் தார்ச் சட்டி காய்ச்சும் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் பாபிலோனைப் பற்றி எழுதியபோது விவரித்ததும் இதே வட்டப் படகுதான். சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோட்டத்தில் இறங்குவார்களாம். ஊர் வந்ததும் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு நடந்தே திரும்புவார்களாம். ஓட்டத்தை எதிர்த்து மேலேற அந்தப் படகால் முடியாது. ஒகேனக்கல்லில் கழுதையின் வேலையையும் பரிசல் ஓட்டியே பார்க்கிறார். அருவிக்கு அருகே ஓரிடத்தில் நம்மை இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு பாறை மேல் விறுவிறுவென்று நடப்பார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த ஆமை. துங்கபத்திரையில் பரிசல் இன்னும் பெரியது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், தோல் போர்த்திய கூடைப் படகுகள் பதினைந்து இருபது பேரை ஏற்றியதையும், குதிரையும் மாடும்கூட அதில் ஆறு கடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, முகப்பே இல்லாத ஒன்றை எப்படி நேராக ஓட்டுவது? புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் பின்னால் உட்கார்ந்து தண்ணீரைத் தள்ளுவார். பரிசல் ராட்டினம் சுற்றும். தெரிந்தவர் போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்போரம் உட்கார்ந்து, துடுப்பை முன்னே போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். இடம் ஒன்று, வலம் ஒன்று. மாட்டை வண்டிக்கு முன்னால் கட்டுவதும் இதனால்தான். முன்னாலிருந்து இழுத்தால் பின்னால் இருப்பது தானாக வரிசைக்கு வந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் சற்றுத் தவறினாலும் திரும்பிக்கொள்ளும். ஆக, பரிசலுக்கு முகப்பு என்பது ஓட்டி உட்காரும் இடம். அவர் இடம் மாறினால் முகப்பும் மாறும். பயணிகள் இதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். "ணா, நடுவுல கால நீட்டிக் குந்துங்க, எந்திரிக்காதீங்க" என்பது வெறும் அதட்டல் அல்ல. ஒருவர் எழுந்தால் எடையின் மையம் மேலே ஏறும்; நான்கு பேரும் அருவியைப் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொடும்.

தண்ணீரில் வழுக்கிப் போவதற்கு மனிதன் கண்டுபிடித்தவற்றில் பரிசலுக்கு நேர் எதிர்க்கோடி ஒன்று உண்டு: ஸ்லாலம் நீர்ச்சறுக்கு. ஒற்றைப் பலகையில் ஒரு காலுக்குப் பின் மறுகால் வைத்து நின்று, மோட்டார் படகு கட்டி இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, நீரில் மிதக்கும் ஆறு பந்துகளை இடமும் வலமுமாகச் சுற்றி வர வேண்டும். தடம் 259 மீட்டர். பந்துகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். தடம் முழுவதும் பதினாறு நொடியில் முடிந்துவிடும். படகு வேகம் உச்சத்தைத் தொட்டபின் போட்டியைக் கடினமாக்க ஒரே வழி கயிற்றைக் குறைப்பது. 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு, தேர்ந்த வீரர்களுக்கு 9.75 மீட்டர் வரை குறைகிறது. கவனித்தீர்களா? பந்து இருப்பது 11.5 மீட்டரில், கயிறு அதைவிடக் குட்டை. மிச்சத்தை ஆள் தன் உடம்பால் ஈடுகட்ட வேண்டும்: தண்ணீரோடு தண்ணீராகச் சாய்ந்து, ஒரு கையை நீட்டி, பலகையைப் பந்துக்கு அப்பால் வீச வேண்டும்.

அந்தப் பலகைக்கு உயிர் அதன் விளிம்பு. சாய்க்கும்போது விளிம்பு நீரை அரிவாள்போல் அறுத்துப் பிடிக்கும். அடியில் பின்பக்கம் ஒரு சிறு தகடு மீன் துடுப்புபோல் நின்று, வால் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். அதை மயிரிழை நகர்த்தினாலும் திருப்பம் மாறும் என்று அதற்கென்றே அளவுக்கருவி வைத்துக்கொண்டு திரியும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. பரிசலில் பிடிப்பு ஏதுமில்லை, எத்திசையும் சம்மதம். சறுக்குப் பலகையில் பிடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1922ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், முதன்முதலில் நீரில் சறுக்கிய ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன், மரப்பலகையின் நுனியை அம்மாவின் செப்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்தான். வளைந்தால்தான் மிதக்கும் என்று மூங்கில்காரருக்கும் தெரியும்.

ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளில் பலருக்கு மீன்பிடியும் தெரியும். விடியலில் அதே பரிசலில் வலை எடுப்பார்கள்; வெயில் ஏறியதும் அதில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவார்கள். கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், தருமபுரிப் பக்கத்து நாகமரையிலிருந்து சேலம் பக்கத்துப் பண்ணவாடிக்கு நீர்வழிப் பயணம் வேடிக்கைக்காக அல்ல, ஊர் போய்ச் சேர. 1934ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும். பரிசில் வேண்டி அதியமான் வாசலில் ஔவை காத்திருந்த நாட்டில், ஊர்மக்கள் ஓரெழுத்து மாற்றிப் பரிசலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஓட்டிகளின் வாழ்வை நிர்ணயிப்பது ஓர் எண். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்தால் அந்த எண் ஏறும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. நொடிக்கு 42 லட்சம் லிட்டருக்கு மேல். அருவியே முழுகிப்போகும் தண்ணீர் அது. அதற்கு வெகு முன்பே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். சரியான முடிவுதான். ஆனால் தடை வருவது பெரும்பாலும் ஆடியில், ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் திரளும் நேரத்தில். கோடையிலோ தடை இல்லை, தண்ணீரும் இல்லை. அதிகமானாலும் பட்டினி, குறைந்தாலும் பட்டினி. நடுவில் உள்ள சில மாதங்களில் ஆண்டு முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும்.

இதே ஆறுதான் 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாய் வழி வருகிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக இருந்த ஊர்களுக்கு அது பெரிய வரம். குழாயைத் திறக்கும்போது பிலிகுண்டுலுவை யாரும் நினைப்பதில்லை. வெள்ள நாட்களில் ஒகேனக்கல் கரையில் போய்ப் பாருங்கள். பரிசல்கள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருக்கும், தார் வெயிலில் பளபளக்கும். நிழலில் பீடி புகைத்துக்கொண்டிருப்பவர், செல்போனைப் பார்த்து நிமிரும் பையனிடம் கேட்பார்: "எவ்வளவு காட்டுது?"