ஆஃபீஸுக்கு நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் ஆஃபர் லெட்டரோட ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையப் போறோம். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று ஒரு வரியும், பீன் பேக் மேல் படுத்திருக்கும் ஒரு கோல்டன் ரிட்ரீவர் படமும் இருந்தால் "செம கம்பெனி மச்சி" என்றுதான் தோன்றும். அது நிஜமாவே நல்ல விஷயமா, யாருக்கு நல்லது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், வாங்க.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1990-களின் டெக் கம்பெனிகள்தான் இதைப் பிரபலமாக்கின. அமேசான் சியாட்டிலில் சின்ன கம்பெனியாக இருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரு தம்பதி ரூஃபஸ் என்ற கோர்கி நாயைத் தினமும் ஆஃபீஸுக்குக் கூட்டி வருவாங்க. 2024-ல் அமேசான் விட்ட ஏ.ஐ. ஷாப்பிங் அசிஸ்டென்ட்டுக்கு 'ரூஃபஸ்' என்று பெயர் வைத்தது அந்த நாயின் நினைவாகத்தான். இன்றைக்கு அவர்களின் சியாட்டில் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான நாய்கள் பதிவாகியிருக்கின்றன. கூகுளின் ஊழியர் நடத்தை விதிகளிலேயே நாய்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பூனைகளைப் பிடிக்கும், ஆனால் நாங்கள் நாய்க் கம்பெனி என்ற அர்த்தத்தில் எழுதியிருப்பாங்க. 1999-லிருந்து அமெரிக்காவில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வெள்ளிக்கிழமையை 'நாயை வேலைக்குக் கூட்டி வரும் நாள்' என்றே கொண்டாடுகிறார்கள்.

அங்கே ஆரம்பித்ததுதான் இப்போ நம்ம ஊர் ஸ்டார்ட்அப்கள் வரை வந்து நிற்கிறது.

நாய் இருந்தால் ஸ்ட்ரெஸ் குறையுமா?

இதற்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது 2012-ல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு. வட கரோலினாவில் பீங்கான் பாத்திரங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் தினமும் 20, 30 நாய்கள் வந்துபோகும். அங்கே ஊழியர்களை மூன்று குழுவாகப் பார்த்தார்கள்: நாயைக் கூட்டி வருபவர்கள், நாய் இருந்தும் வீட்டில் விட்டு வருபவர்கள், செல்லப்பிராணியே இல்லாதவர்கள்.

நாயைக் கூட்டி வந்தவர்கள் சொன்ன ஸ்ட்ரெஸ் அளவு நாள் போகப்போகக் குறைந்தது. மற்ற இரண்டு குழுவுக்கும் ஏறியது. அதே ஆட்கள் நாயை வீட்டில் விட்டு வந்த நாளில், அவங்களுக்கும் ஏறியது. ஆனால் காலையில் எச்சிலில் சோதித்த கார்டிசால் ஹார்மோன் அளவில் குழுக்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை லேப் ரெக்கார்டு மாதிரி படிச்சுப் பாருங்க. சாம்பிள் சுமார் 75 பேர், ஒரே கம்பெனி, ஒரு வாரம். அதுவும் ஏற்கெனவே நாய்கள் வந்துபோகும் கம்பெனி. நாய் என்றாலே ஆகாதவர்கள் அந்த வேலைக்கு முதலிலேயே வந்திருக்க மாட்டார்கள். நாயைக் கூட்டி வந்தவருக்கு நல்லது என்பதை ஒத்துக்கொள்ளலாம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் நல்லது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நாய் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் பொய் இல்லை. 2015-ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், நாயும் அதன் ஓனரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் ஏறுவது தெரிந்தது. கவனியுங்க, நாயும் அதன் ஓனரும். நாயும் அதன் ஓனரோட டீம்மேட்டும் இல்லை.

ஏ.சி. டக்ட் வழியாக வரும் பிரச்சினை

நாய் அலர்ஜிக்குக் காரணம் முடி என்று பலர் நினைக்கிறோம். உண்மையான காரணம் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகள்களிலும் இருக்கும் புரதங்கள். அதில் முக்கியமானதன் பெயர் கேன் எஃப் 1. இந்தத் துகள்கள் ரொம்பச் சின்னவை. காற்றில் ரொம்ப நேரம் மிதக்கும், துணியில் ஒட்டிக்கொண்டு நாயே போகாத அறைக்கும் போய்ச் சேரும்.

இப்போ நம்ம ஆஃபீஸ் கட்டடத்தை யோசிங்க. சென்ட்ரல் ஏ.சி. குளிர வைத்த காற்றை வெளியே விட்டால் கரன்ட் பில் எகிறும். அதனால் பெரும்பகுதிக் காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, கொஞ்சம் மட்டும் வெளிக்காற்றைக் கலப்பாங்க. ஒரு மூலையில் படுத்திருக்கும் நாயின் துகள் இன்னொரு மூலையில் இன்ஹேலரோட உட்கார்ந்திருப்பவரிடம் போக வழி இருக்கு. "நீ அந்தப் பக்கம் உட்காரு" என்று சொல்வது தீர்வே ஆகாது. தனித் தளம், அதற்குத் தனி ஏர் ஹேண்ட்லிங் யூனிட், நல்ல ஃபில்டர் என்று டிசைனிலேயே பிரிக்க வேண்டும்.

பயப்படுறவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க

"ஒண்ணும் பண்ணாது, சும்மா விளையாடுது" என்பது எல்லா நாய் ஓனர்களும் சொல்லும் டயலாக். ஆனா நம்ம நாட்டில் நாய் பயத்துக்குப் பின்னால் ஒரு நிஜக் காரணம் இருக்கு. உலகின் ரேபிஸ் மரணங்களில் சுமார் 36 சதவீதம் இந்தியாவில் நடக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது கிட்டத்தட்ட எப்போதுமே நாய்கள் மூலம்தான். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட வீட்டு நாயிடம் இந்த ஆபத்து ரொம்பக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் சின்ன வயசில் தெருவில் துரத்தப்பட்டவருக்கு, கடி வாங்கி ஊசி மேல ஊசி போட்டுக்கொண்டவருக்கு, நாயின் வேக்ஸின் சர்டிஃபிகேட்டைக் காட்டினால் பயம் போய்விடாது. (எந்த நாய் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போ கையில்தான் போடுவாங்க.)

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது வேற. நாயைக் கூட்டி வருவது யாராக இருக்கும்? பெரும்பாலும் ஃபவுண்டர், மேனேஜர், சீனியர். "எனக்குப் பயம், வேண்டாம்" என்று சொல்ல வேண்டியது யார்? ப்ரொபேஷனில் இருக்கும் ஃப்ரெஷர். அதாவது அடுத்த வருஷம் நாம. மேனேஜர் சிரிச்சுக்கிட்டே "யாருக்கும் பிரச்சினை இல்லையே?" என்று மீட்டிங்கில் கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவோம்?

நம்மைவிடக் குறைவாகப் பேச முடிந்தவங்களும் அங்கே இருக்காங்க. கார்ப்பெட்டில் நாய் போன யூரினைத் துடைக்கப்போவது கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. எச்.ஆர். அனுப்பும் சர்வே மெயில் அவங்களுக்குப் போவதே இல்லை.

நாய்கிட்ட யாராவது கேட்டாங்களா?

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு அதுவும் சரியாக வராது. மே மாதம் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் அதைக் கூட்டிப் போவதை நினைச்சுப் பாருங்க. நம்ம சிப்பிப்பாறை ஓடி வேட்டையாட வளர்க்கப்பட்ட இனம். ராஜபாளையம் அந்நியர்களை நம்பாத காவல் நாய். இவற்றை ஒன்பது மணி நேரம் க்யூபிக்கிளில் கட்டிப்போடுவது அன்பா?

ஈ.சி.இ. மக்களுக்கு ஒரு தகவல்: மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது சுமார் 45 வரை. ஆள் இருந்தால் லைட் எரிய வைக்கும் அல்ட்ராசோனிக் சென்ஸார்கள் 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை. நமக்கு அமைதியான ஆஃபீஸ், நாய்க்கு அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்போ வேண்டாமா?

ஒன்றைத் தனியாக வைக்கணும். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் செல்லப்பிராணி கிடையாது. அது வெள்ளைக் கைத்தடி மாதிரி, அவருடைய தேவை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்து தரணும் என்பது நம் நாட்டின் 2016 சட்டத்திலேயே இருக்கு. அந்த நாய் வரட்டும். அலர்ஜி உள்ளவரின் இருக்கையையோ தளத்தையோ அவர் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு நாய் விஷயத்தில் என் கருத்து இது: டீஃபால்ட் 'கூடாது' என்றே இருக்கட்டும். அனுமதிக்க நினைக்கும் கம்பெனி முதலில் பெயர் தெரியாத முறையில், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி உட்பட அந்தத் தளத்தில் வேலை செய்யும் எல்லோரிடமும் கேட்கட்டும். இதில் மெஜாரிட்டி ஓட்டு வேண்டாம். ஒருத்தர் முடியாது என்றாலும் அந்தத் தளத்தில் நாய் இல்லை. எல்லோரும் சரி என்றால் தடுப்பூசிச் சான்று, கழுத்தில் லீஷ், ஓய்வெடுக்கத் தனி இடம், சுத்தம் செய்வது ஓனரின் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

"நாள் முழுக்க நாய் வீட்டில் தனியா இருக்கே, பாவம் இல்லையா?" என்று கேட்பீங்க. நிச்சயமா பாவம்தான். அது பதினொரு மணி நேரம் தனியாக இருக்கக் காரணம் நம்ம வேலை நேரமும் டிராஃபிக்கும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, சரியான நேரத்துக்கு லாக்-அவுட் என்று கம்பெனி கொடுத்தால் நாய்க்கும் நல்லது, நாய் இல்லாதவருக்கும் நல்லது. அதனால் அடுத்த ப்ரீ-ப்ளேஸ்மென்ட் டாக்கில் நாய் படம் போட்ட ஸ்லைடு வந்தால், கை தூக்கி "சார், வேலை எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேளுங்க.